வியாழக்கிழமை ஹம்மாமுக்கு வராதவள்

ஃபெஸ், 8 பிப்ரவரி 1987

என் அன்புத் தங்கை துரியாவுக்கு,

அக்கா பத்தூல் எழுதுவது. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வெளியூர்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கிறவள். ஒரு லைனில் எத்தனை காது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதில் ஒன்று என் காதுதான். வீட்டு விஷயத்தைத் தபாலில்தான் அனுப்புவேன்.

விஷயம் நஜ்லாதான். குளிர் தொடங்கியதிலிருந்து அவள் ஹம்மாமுக்கு வருவதில்லை. நம் வீட்டுப் பெண்கள் வியாழக்கிழமை ஊர்ப் பெண்களோடு ஹம்மாமில் குளிக்கப் போகாமல் இருந்தது உண்டா? ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் பரீட்சை, ஒரு வாரம் மாதவிலக்கு. வீட்டிலேயே வாளியில் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு கதவைத் தாழிட்டுக் குளிக்கிறாள். இருபது வயதுப் பெண் பெற்றவளிடமே உடம்பை மறைத்தால் என்ன அர்த்தம்? நீயும் பெண், உனக்கே புரியும். எழுதக் கை கூசுகிறது.

ஹம்மாமில் முதுகு தேய்த்துவிடும் ரஹ்மா போன வாரம் ஊருக்கே கேட்கும்படி, "லல்லா பத்தூல், உங்க பொண்ணு எங்க? தண்ணியக் கண்டா பயமா, எங்களக் கண்டா பயமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜ்ஜா கென்ஸா மட்டும் சிரிக்கவில்லை. கஸ்டம்ஸில் இருக்கும் மகனுக்கு அவள் பெண் தேடுகிறாள். பெண்ணை அவள் பார்ப்பதே ஹம்மாமில்தான். பார்வையாலேயே எடை போடுகிறவள்.

நான் இவளை எப்படி வளர்த்தேன் என்று உனக்குத் தெரியும். அவள் வாப்பா இத்ரீஸ் பெல்ஜியத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்தபோது, "இந்த வீட்ல அந்த மனுஷன் பேரும் வரக்கூடாது, கண்ணீரும் வரக்கூடாது" என்றேன். பதினாறு வயதுப் பிள்ளை, ஒரு சொட்டு விடவில்லை. அவ்வளவு அழுத்தக்காரி. அன்று எனக்குப் பெருமையாக இருந்த அந்த அழுத்தம் இன்று சந்தேகமாக இருக்கிறது.

படித்ததும் கிழித்துவிடு.

உன் அக்கா
பத்தூல்

*

தெத்துவான், 19 பிப்ரவரி

அன்பு அக்காவுக்கு,

துரியாவின் ஸலாம். முழங்கால் நான் சொன்னபடி கேட்பதில்லை, மற்றபடி நலம். உன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா?

குளிரில் வீட்டிலேயே குளிக்கிற பெண்ணெல்லாம் கர்ப்பிணி என்றால், எங்கள் ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி கட்ட இடம் போதாது. கோபித்துக்கொள்ளாதே. கூட்டத்தில் நிர்வாணமாக உட்கார வெட்கப்படும் வயது அது. அதுவும் அந்தக் கென்ஸா கண் முன்னால் என்றால் நானே வெட்கப்படுவேன்.

ஒன்று கேட்கிறேன். அவள் சாப்பிடுகிறாளா? சிரிக்கிறாளா? சிநேகிதிகள் யாராவது வருகிறார்களா? நீ இரண்டு பக்கம் எழுதியும் அதில் இதெல்லாம் இல்லை. அவள் அழவே இல்லை என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

துரியா

*

ஃபெஸ், 27 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் கேலியை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

அவள் வகுப்புக்குப் போயிருந்தபோது அலமாரியைத் திறந்தேன். மாற்றுச்சாவி என்னிடம் உண்டு, அது அவளுக்குத் தெரியாது. தாய்க்கு அந்த உரிமைகூட இல்லையா? துணிகளுக்கு அடியில் பஞ்சும் கட்டுத்துணியும் மருந்துப் புட்டியும் இருந்தன. வயிற்றில் வந்ததைக் கலைத்துவிட்டாள் என்றே முடிவு செய்தேன். மறுநாளே ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், நிக்காஹ்வுக்கு முன் கேட்கிற அந்தக் கன்னிச் சான்றிதழுக்காக. எங்கே போகிறோம் என்று வாசலில் வைத்துத்தான் அவளிடம் சொன்னேன்.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "உங்க பொண்ணு எப்படிப் பொறந்தாளோ அப்படியே இருக்கா, போய்ட்டு வாங்க" என்றாள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சான்றிதழ் என் கைப்பையில் இருக்கிறது, கென்ஸா வாயைத் திறந்தால் முகத்துக்கு நேரே நீட்டலாம்.

நஜ்லா கோபப்படவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குளித்தாள். வெளியே வந்து எனக்குத் தேநீர் போட்டுத் தந்தாள். என் வளர்ப்பு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? அப்படியானால் அந்தக் கட்டுத்துணி எதற்கு? பரிசோதனை முடிந்து டாக்டரம்மா, "பிரஷர் பாக்கணும், கைய மடிச்சு விடு" என்றபோது இவள் சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அது வேணாம்" என்றாள். வந்த வேலை முடிந்த நிம்மதியில் நானும் விட்டுவிட்டேன். இப்போது தோன்றுகிறது: ஊசி போட்டுக்கொள்கிறாளோ? பல்கலைக்கழகத்தில் அந்தப் பழக்கம் இருக்கிறதாம். இல்லையென்றால் பெல்ஜியத்துக்காரி ஏதாவது ஓதி அனுப்பினாளோ? நேற்று வீடு முழுக்கப் படிகாரப் புகை காட்டினேன். நஜ்லா இருமினாள், அவ்வளவுதான்.

உன் அக்கா
பத்தூல்

*

தெத்துவான், 5 மார்ச்

அக்கா,

ஸலாம். நலம் விசாரிக்க நேரமில்லை, தபால்காரர் போய்விடுவார்.

அந்த டாக்டரிடம் கூட்டிப்போனதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதமாட்டேன். எழுதினால் நமக்குள் சண்டை வரும்.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. ஒத்தாசைக்கு ஆள் இல்லை. அங்கே மாணவர்கள் வேலைநிறுத்தம், வகுப்பே நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நஜ்லாவை உடனே அனுப்பு.

துரியா

*

ஃபெஸ், 12 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் கால் சீக்கிரம் குணமாகட்டும். நீ கீழே விழுந்த செய்தி கேட்டு உன் வீட்டுக்காரரை ஃபோனில் கூப்பிட்டேன். "எந்தக் கால்?" என்று கேட்டார் மனுஷன். மனைவி விழுந்தது தெரியாத புருஷனை இப்போதுதான் பார்க்கிறேன். போகட்டும், அனுப்புகிறேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறாள். நெய்யில் பதம் பண்ணின இறைச்சி ஒரு ஜாடி அவளிடம் கொடுத்திருக்கிறேன், உங்கள் ஊரில் அது வாயில் வைக்க விளங்காது. "துரியா காலாவுக்கு உதவியா இரு" என்றேன். "சரி உம்மா" என்றாள். எதற்கும் 'சரி உம்மா'தான். அந்தச் 'சரி'க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் நான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

வந்ததும் அவளை ஹம்மாமுக்குக் கூட்டிப்போ. கையைப் பார், காலைப் பார், முதுகைப் பார். பார்த்ததை அப்படியே எனக்கு எழுது. அங்கே நீதான் என் கண்.

பத்தூல்

*

தெத்துவான், 9 ஏப்ரல்

அன்பு அக்காவுக்கு,

துரியாவின் ஸலாம். நலமாக இருக்கிறாயா? மாத்திரையை விட்டுவிடாதே. பதில் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள்.

இங்கே நல்ல மழை. மலைக்காரிகள் வெண்ணெய்யும் பாலாடையும் கொண்டுவருவதே இல்லை, வழியெல்லாம் சேறு. மழை விட்ட ஒரு நாள் மார்ட்டில் கடற்கரைக்குப் போனோம். நஜ்லா செருப்பைக் கழற்றிவிட்டு வெகுதூரம் நடந்தாள். ரொட்டிக்கு மாவு பிசையக் கற்றுக்கொண்டாள், முதல் ரொட்டியை என் வீட்டுக்காரர் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றார். அவள் சிரித்தாள். பிறகு மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

நன்றாகச் சாப்பிடுகிறாள். இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும். ரமலானுக்கும் இருக்கட்டுமே.

துரியா

*

ஃபெஸ், 15 ஏப்ரல்

துரியாவுக்கு,

ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன்.

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது மழை. ஹம்மாம் என்ற சொல்லே உன் கடிதத்தில் இல்லை. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நீ பொய் சொல்லும்போது அதிகம் பேசுவாய் என்று எனக்குத் தெரியும்.

முதலில், நீ இத்ரீஸோடு தொடர்பு வைத்துக்கொண்டு என் மகளை பெல்ஜியத்துக்கு அனுப்பத் திட்டம் போடுகிறாய் என்று நினைத்தேன். அதற்குள் வேறு செய்தி வந்தது. தெத்துவான் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் என் சிநேகிதி சொன்னாள்: "உன் தங்கச்சி ரபாத்துக்கு லைன் கேட்டா. யாருக்குன்னு நெனைக்கிற? மனநல டாக்டருக்கு! 'பொண்ணக் கூட்டிட்டு மறுபடி எப்ப வரட்டும்'னு கேட்டா." மறுபடியாம்! அப்படியென்றால் ஏற்கெனவே கூட்டிப்போயிருக்கிறாய். என்னைக் கேட்காமல் என் மகளைப் பைத்தியக்கார டாக்டரிடம் காட்ட நீ யார்? நாளைக்கு ஊரில் தெரிந்தால் அவளை எவன் கட்டுவான்? உனக்குப் பிள்ளை இல்லை என்று என் பிள்ளையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாயா?

கென்ஸா ஆள் அனுப்பிவிட்டாள். நோன்புக்கு முன் பெண் பார்க்க வருகிறார்கள். சனிக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெட்டியைக் கட்டி வை.

பத்தூல்

*

தெத்துவான், 20 ஏப்ரல்

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

பிள்ளை இல்லாதவள் என்று நீ எழுதியது வலித்தது. அது கிடக்கட்டும். நான் விழவில்லை, அது பொய். உன் கடிதத்தில் கட்டுத்துணி என்று படித்ததும் ஏதோ பயம் பிடித்துக்கொண்டது, அதனால்தான் அவளை வரவழைத்தேன். இனி உண்மையை எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நஜ்லாவுக்கு ஆணும் இல்லை, ஊசியும் இல்லை, செய்வினையும் இல்லை. அவள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள். குளிர் தொடங்கியதிலிருந்து.

ஹம்மாமுக்கு நான் கூட்டிப்போகவில்லை. மாவு பிசைய உட்கார்ந்தவள் சட்டைக்கையை மடிக்காமலே பிசைந்தாள். "துணியெல்லாம் மாவாகுதே, கண்ணு" என்றேன். மாவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "காலா, மடிச்சா நீங்க கத்துவீங்களா?" என்று கேட்டாள். கத்தமாட்டேன் என்றேன். மடித்தாள். நான் கத்தவில்லை, அக்கா. எப்படிக் கத்தாமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதுகிறேன்: "சாகணும்னு இல்ல காலா. உள்ள ஏதோ பொங்கிட்டு வரும். வாப்பா ஞாபகம் வரும், உம்மா என் பையத் தொறந்து பாத்தது ஞாபகம் வரும். அழக்கூடாது, கத்தக்கூடாது, எங்க வச்சுக்க? அப்படிப் பண்ணிக்கிட்டா கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் வெக்கமா இருக்கும். அந்த வெக்கத்துலயே மறுபடியும்..." அன்று என் மடியில் படுத்து அழுதாள். நாலு வருடத்து அழுகை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனுஷர், பொறுமையானவர். "இது நடிப்பும் இல்ல, பிடிவாதமும் இல்ல. தாங்க முடியாததத் தாங்க இந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச வழி. வேற வழி இருக்குன்னு கத்துக்க நாளாகும். அதுவரைக்கும் திட்டாதீங்க, மிரட்டாதீங்க, கையக் காட்டச் சொல்லாதீங்க" என்றார்.

டாக்டரம்மாவிடமிருந்து திரும்பிய அன்று வெகுநேரம் குளித்தாள் என்று எழுதினாயே. அவள் குளிக்கவில்லை, அக்கா.

நஜ்லா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: "உம்மா வரட்டும். என் கையப் பாக்கணும்னு கேக்க மட்டும் வேணாம்." அதற்குச் சம்மதமென்றால் வா.

துரியா

*

ஃபெஸ், 1 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். முடிந்துபோன பெருநாளுக்கு வாழ்த்து. ரமலான் முழுக்க உனக்கு எழுதவில்லை. எழுத முகமில்லை.

அன்று உன் வீட்டு முற்றத்தில் நான் நடந்துகொண்டதை நீ உன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேதான் வந்தேன், கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று. நஜ்லாவைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் அவள் சட்டைக்கையைப் பிடித்தது. "எல்லாத்தையும் பாத்துட்டீங்க உம்மா, இதையும் பாத்துக்கங்க" என்று அவளே இழுத்து மடித்தாளே, அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை நாளாகத் தேடினேனோ, அது கண்ணுக்கு முன்னால் வந்தபோது பார்க்கத் தைரியமில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

நோன்பு திறக்க ஒருத்திக்கு மட்டும் சூப் காய்ச்ச எனக்குத் தெரியவில்லை. தினமும் மிஞ்சியது. மிஞ்சியதைக் கொட்டும்போதெல்லாம், இந்த வீட்டில் அவளும் என்னோடு இப்படித்தான் தனியாக இருந்திருக்கிறாள் என்று தோன்றியது.

கென்ஸாவிடம் நானே போனேன். "எம் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியம் நடக்குது, வேற எடம் பாருங்க" என்றேன். "என்ன வியாதி?" என்றாள். "உங்களுக்குச் சொல்ற வியாதி இல்ல" என்றேன். அந்தச் சான்றிதழைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சாவி இருக்கும். நஜ்லாவின் அலமாரிச் சாவி. அவளுக்குத் தெரியாமல் நான் செய்துவைத்தது. அவளிடம் கொடுத்துவிடு. இப்படி ஒன்று என்னிடம் இருந்தது என்பதையும் சொல்லிவிடு. உன்னிடம் நான் சொன்ன சொல்லுக்கு, பிள்ளை இல்லாதவள் என்ற அந்தச் சொல்லுக்கு, என்னை மன்னித்துவிடு.

பத்தூல்

*

தெத்துவான், 11 ஜூன்

அன்புள்ள உம்மாவுக்கு,

நஜ்லா எழுதுவது. ஸலாம். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? சாவி வந்தது. எத்தனை நாளாக அது உங்களிடம் இருந்தது என்று யோசித்துக் கோபம் வந்தது. கோபம் வந்ததைக் காலாவிடம் சத்தமாகச் சொன்னேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஒரு விஷயம். ஏழு வாரம் சும்மா இருந்தேன். நேற்று மறுபடி செய்துகொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, மருந்து போட்டுக் கட்டியாகிவிட்டது. காலா சந்தைக்குப் போயிருக்கிறார்கள். வந்ததும் அவர்களிடம் சொல்வேன், அடுத்த வியாழக்கிழமை டாக்டரிடமும் சொல்வேன். முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

பதில் எழுதுங்கள், உம்மா. கேள்வி மட்டும் வேண்டாம்.

உங்கள் மகள்
நஜ்லா

*

ஃபெஸ், 16 ஜூன்

என் கண்ணான மகள் நஜ்லாவுக்கு,

உம்மாவின் ஸலாம். கடிதம் என்றால் நலம் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அதுவும் ஒரு கேள்விதான் என்பதால் கேட்கவில்லை. நான் நலம்.

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப்போய் அங்கேதான் பிரித்தேன். வீட்டில் தனியாகப் பிரிக்கப் பயமாக இருந்தது. நாதோர் ஊர்க்காரர் ஒருவர் ரொட்டர்டாமில் இருக்கும் மகனோடு பேச லைனில் காத்துக்கொண்டிருந்தார். நான் படித்து முடித்தபோது அவர், "லல்லா, லைன்ல யாரோ அழுற மாதிரி கேக்குது" என்றார். "நாந்தான்" என்றேன். உன் வாப்பா போனபோதுகூட அழாதவள் நான். அவர், "அப்ப அழுது முடிச்சுட்டே போடுங்க, எம் மகன் எங்கயும் ஓடிட மாட்டான்" என்றார். முகம் தெரியாத மனுஷன், காத்திருந்தார். முடித்துவிட்டு லைன் போட்டுக் கொடுத்தேன். அந்த அழைப்பை நான் ஒட்டுக் கேட்கவில்லை.

பஸ் ஏறி ஓடிவரக் கால் துடிக்கிறது. நீ கூப்பிடும்வரை வரமாட்டேன். உன் டாக்டர் சொல்வதைக் கேள், காலா சொல்வதைக் கேள். மறுபடி அப்படி நடந்தாலும் எனக்கு எழுது. நடக்காவிட்டாலும் எழுது. வெறும் மழையைப் பற்றி எழுதினாலும் போதும்.

பெரிதாக ஒன்றுமில்லை, மருந்து போட்டுக் கட்டியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் பேச்சை நான் நம்புகிறேன், மகளே.

உன் உம்மா
பத்தூல்